கடைசி ஸ்டேஷனில் ஒரு ஐஸ் ஹாக்கி ஊர்

முதலில் தப்பான ஸ்டேஷனில்தான் இறங்கினேன். ஸ்வீடனில் சோடர்டெல்யே என்ற பெயரில் ஒரே ஊருக்கு மூன்று ரயில் நிலையங்கள் இருக்கின்றன என்று யாரும் சொல்லவில்லை. சீக்கிரம் போகலாம் என்று வேக ரயிலில் ஏறியதால் ஊருக்குத் தெற்கே ஒதுங்கிக் கிடக்கும் 'சீட்' நிலையத்தில் கொண்டுபோய் விட்டார்கள். மைனஸ் 9 டிகிரியில் பஸ்ஸுக்கு நின்றேன். ஸ்டாக்ஹோமிலிருந்து வருபவர்கள் புறநகர் ரயிலில் ஏறி, கடைசி நிறுத்தமான 'சென்ட்ரும்' வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருப்பது நல்லது. முக்கால் மணி நேரம்கூட ஆகாது.

அலுவலக வேலையாக ஸ்டாக்ஹோமில் மூன்று மாதம் தங்கியிருந்த சமயம் அது. ஐஸ் ஹாக்கி பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டபோது, நகரத்தின் பெரிய அணிகளைத்தான் எல்லோரும் சொன்னார்கள். அலுவலகத்தில் ஒரே ஒருவர் மட்டும், "பழைய சரித்திரம் வேண்டுமென்றால் சோடர்டெல்யே போங்கள்" என்றார். ஊர்க்காரர்கள் அந்தப் பெயரை 'சொடெட்டெல்யே' மாதிரி உச்சரிக்கிறார்கள். எனக்கு வரவில்லை; அந்த ஊர் ஐஸ் ஹாக்கிக் கிளப்பின் சுருக்கப் பெயரான எஸ்.எஸ்.கே.யே போதும்.

ஊருக்கு இரண்டு அடையாளங்கள். ஒன்று லாரி. ஸ்கானியாவின் தலைமையகம் இங்கேதான். 1891-இல் ரயில் பெட்டி செய்யத் தொடங்கிய வாபிஸ் தொழிற்சாலை, 1911-இல் மால்மோவின் ஸ்கானியாவோடு சேர்ந்து வளர்ந்தது. இன்னொன்று மருந்து, 1913-இல் அஸ்ட்ரா கம்பெனி பிறந்ததும் இந்த ஊரில்தான். ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளிகளின் ஊர். அப்படிப்பட்ட ஊருக்கு ஒரு விளையாட்டுக் கிளப் இருந்தே ஆகவேண்டும். 1907-இலேயே சோடர்டெல்யே ஸ்போர்ட்கிளப் தொடங்கிவிட்டது. ஆனால் அப்போது அவர்களுக்கு ஐஸ் ஹாக்கி தெரியாது.

ஸ்வீடனுக்கே தெரியாது என்பதுதான் உண்மை. அங்கே அப்போது பனிக்கால ஆட்டம் என்றால் பாண்டி. கால்பந்து மைதானம் அளவுக்கு உறைந்த பனிப்பரப்பு, பக்கத்துக்குப் பதினோரு பேர், வளைந்த மட்டை, சின்னப் பந்து. 1920-இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் ஐஸ் ஹாக்கி உண்டு என்றதும், சினிமாத் தொழிலுக்காக ஸ்வீடன் வந்திருந்த ரவூல் லெ மாட் என்ற அமெரிக்கர், நீங்களும் ஒரு அணி அனுப்புங்கள் என்று நச்சரித்தார். பாண்டி ஆட்டக்காரர்களைத் திரட்டி அனுப்பினார்கள். நான்காவது இடம்! 1922-இல் தேசிய சாம்பியன்ஷிப்பும் தொடங்கியது. முதல் மூன்று வருடமும் ஸ்டாக்ஹோமின் ஐ.கே. யோட்டாதான் ஜெயித்தது.

1925-இல் எஸ்.எஸ்.கே. இந்த ஆட்டத்தைக் கையில் எடுத்தது. அதே வருடம் சாம்பியன். தலைநகருக்கு வெளியே போன முதல் பட்டம் அது. லெ மாட் பெயரில் இன்றும் சாம்பியனுக்குத் தரும் கோப்பை 1926-இல்தான் வந்தது. ஆக, கோப்பை வருவதற்கு முன்பே கோப்பையை ஜெயித்தவர்கள் இவர்கள். பந்தியில் இலை போடுவதற்கு முன்பே சாப்பிட்டு முடித்த மாதிரி.

அப்புறம் 1931, 1941, 1944, 1953, 1956 என்று பட்டங்கள் வந்தன. இடையில் நீண்ட வறட்சி. ஏழாவது பட்டம் 1985-இல். அதைப் பற்றி எனக்குச் சொன்னவர் அரங்கத்தில் பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர்.

ரயில் நிலையத்திலிருந்து அரங்கத்துக்கு நடந்தேபோகலாம், பனி இல்லாத நாளில். எனக்குப் பாதி தூரத்திலேயே ஷூவுக்குள் தண்ணீர். ஸ்கானியாரிங்கன் என்ற அந்தக் கூடம் 1970-இல் திறந்தது. சுமார் 6,000 பேர் கொள்ளும். நடுவில் சில வருடங்கள் ஒரு காலை உணவுத் தானிய பிராண்டின் பெயர் அதன் நெற்றியில் இருந்திருக்கிறது. லாரிக்காரர்கள் ஊரில் ஓட்ஸ் கஞ்சியின் பெயர்! நல்லவேளை, பழைய பெயர் திரும்பிவிட்டது.

உள்ளே போனதும் வாசனைதான் முதலில் தெரிந்தது. ஈரக் கம்பளி, காபி, வறுத்த சாசேஜ், இவற்றுக்கு நடுவே ஐஸ் பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த வாசனை. ஒரு கோலுக்குப் பின்னால் நின்றபடியே பார்க்கும் பகுதி. அங்கே மேளம், பாட்டு, நீலமும் மஞ்சளுமாகத் துண்டுகள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்ப்பவர்கள், தெர்மோஸ் சகிதம்.

டிவியில் பார்க்கும்போது பக் என்ற அந்த ரப்பர் வட்டு எங்கே போகிறது என்றே தெரியாது. நேரில் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். 170 கிராம் கெட்டி ரப்பர், பலகையில் மோதும்போது கதவை அறைந்த மாதிரி கேட்கிறது. இருபது இருபது நிமிடமாக மூன்று பகுதிகள். ஆட்டக்காரர்கள் களத்தில் ஒரு நிமிடம்கூட முழுதாக இருப்பதில்லை. மூச்சு வாங்கியதும் தடுப்பைத் தாண்டிக் குதித்து வெளியேறுகிறார்கள், அடுத்த ஐந்து பேர் குதித்து உள்ளே வருகிறார்கள். ஆட்டம் நிற்காமலே ஆள் மாறுகிறது. இதைப் பார்ப்பதற்கே டிக்கெட் காசு சரியாகப் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

முதல் இடைவேளையில்தான் பெரியவர் பேச்சுக் கொடுத்தார். ஓய்வுபெற்ற ஸ்கானியா தொழிலாளி. "இந்தியாவில் ஹாக்கி புல்லில்தானே?" என்று ஆரம்பித்து, நேராக 1985-க்குப் போய்விட்டார். இறுதிப் போட்டியில் எதிரணி ஸ்டாக்ஹோமின் யூர்கோர்டன். ஐந்து ஆட்டங்கள் வரை இழுத்து, எஸ்.எஸ்.கே. 3-2 என்று ஜெயித்தது. அந்த வருடம் ஸ்வீடனின் சிறந்த வீரருக்கான தங்கப் பக் விருது இவர்களின் தடுப்பாட்டக்காரர் ஆண்டெர்ஸ் எல்டெப்ரிங்குக்குப் போனது. எல்டெப்ரிங்க் என்ற பெயரை அவர் சொன்ன விதத்தில், நம் ஊர்த் தாத்தாக்கள் சொந்த ஊர்ப் பண்ணையாரைச் சொல்வதுபோல ஒரு பெருமை இருந்தது.

டென்னிஸ் மேதை பியோன் போர்க் வளர்ந்ததும் இதே ஊரில்தான். சின்ன வயதில் அவரும் ஐஸ் ஹாக்கி ஆடியிருக்கிறார். இரு கையால் அவர் அடிக்கும் பேக்ஹேண்டில் ஹாக்கி மட்டையின் வீச்சு தெரிகிறது என்பார்கள். "அவன் இதையே ஆடியிருக்கலாம்" என்றார் பெரியவர். விம்பிள்டனை ஐந்து முறை தொடர்ந்து ஜெயித்தவரைப் பற்றி அப்படிச் சொல்ல இந்த ஊரில்தான் முடியும்.

1985-க்கு அப்புறம் பட்டமே இல்லை. 2011-இல் மேல்மட்ட லீகிலிருந்து விழுந்தார்கள். நான் பார்த்ததும் இரண்டாம் மட்ட ஆட்டம்தான். ஏன் ஏற முடியவில்லை என்று கேட்டேன். "காசு," என்றார், "அப்புறம் பக்கத்தில் ஸ்டாக்ஹோம்." தலைநகரம் அவ்வளவு கிட்டத்தில் இருந்தால் நல்ல பையன்கள் ரயிலேறிவிட மாட்டார்களா?

நான் கவனித்த இன்னொரு காரணம் அவர் சொல்லாதது. 1967 முதல் அஸ்ஸீரிய, சிரியாக் கிறிஸ்தவக் குடும்பங்கள் இந்த ஊருக்கு வரத் தொடங்கின. 2000-களில் ஈராக் போரிலிருந்து தப்பி வந்தவர்கள் சேர்ந்தார்கள். அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து ஏற்றதைவிட அதிக ஈராக்கியர்களை எங்கள் ஊர் ஏற்றிருக்கிறது என்று 2008-இல் இந்த ஊர்த் தலைவர் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே போய்ச் சொன்னார். இப்படி வந்தவர்களின் ஆட்டம் கால்பந்து. ஹாக்கிக் கூடத்துக்கு அடுத்தாற்போல் இருப்பது கால்பந்து மைதானம். அவர்கள் கிளப்புகளில் அஸ்ஸீரிஸ்கா 2005-இலும், சிரியான்ஸ்கா 2011-இலும் நாட்டின் முதல்தர லீகில் ஆடின. ஹாக்கி கீழே விழுந்த அதே வருடம், பக்கத்துக் கட்டடத்தில் கொண்டாட்டம். ஸ்கேட், ஹெல்மெட், மார்புக் கவசம் எல்லாம் ஒரு பையனுக்கு வாங்கிக் கொடுப்பதென்றால் எவ்வளவு ஆகும் என்று கடையில் விசாரித்துப் பாருங்கள், புரியும். பந்துக்கு அந்தச் செலவு இல்லை.

அன்று எஸ்.எஸ்.கே. தோற்றது. மேளம் மட்டும் கடைசி வரை நிற்கவில்லை. பெரியவர் தெர்மோஸை மூடிக்கொண்டே, ஊருக்கு வந்துவிட்டு கிரிங்லா வாங்காமல் போகாதீர்கள் என்றார். முடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும் பிஸ்கட் ரொட்டி அது. ஒரு காலத்தில் ரயில் நின்றால் கூடையோடு பெண்கள் ஓடிவந்து விற்பார்களாம். கூடத்தை விட்டு வெளியே வந்தபோது கால்பந்து மைதானத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தக் குளிரிலும் ஏழெட்டுப் பையன்கள், பனியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். கிரிங்லா கடை மூடியிருந்தது.