டேப்லோ கற்கப் புத்தகம் வாங்கப் போகிறவர்களுக்கு

டேட்டாவை சார்ட்டுகளாக்கிக் காட்டும் மென்பொருளான டேப்லோவைப் புத்தகம் வைத்துப் படிக்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் பதிப்புரிமைப் பக்கத்தைத் திருப்பி எந்த வருடம் வந்த புத்தகம் என்று பாருங்கள். அட்டையில் தொடக்கநிலையாளர்களுக்கு, செய்முறையோடு என்றெல்லாம் போட்டிருந்ததை நம்பி நான் வாங்கியது 2020க்கு முன்னால் எழுதப்பட்டது. இப்போது நாலு பேருக்குக் காட்டும்படி ஒரு டேஷ்போர்டு போட வந்துவிட்டது, சந்தோஷம்தான். ஆனால் அந்தப் புத்தகத்தின் மேல் உள்ள எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

இன்ஸ்டால் செய்வது, எக்செல் ஃபைலை இணைப்பது, முதல் பார் சார்ட், இதெல்லாம் பிரச்சினையே இல்லாமல் முடிந்தது. அடுத்த அத்தியாயத்தில் "நம்பர் ஆஃப் ரெக்கார்ட்ஸ் என்ற ஃபீல்டை இழுத்து ரோஸ் ஷெல்ஃபில் போடவும்" என்றிருந்தது. ஃபீல்டு என்றால் டேட்டாவின் ஒரு நெடுவரிசை, ரோஸ் ஷெல்ஃப் என்றால் சார்ட்டுக்கு மேலே உள்ள பட்டை, நம்பர் ஆஃப் ரெக்கார்ட்ஸ் என்றால் மொத்தம் எத்தனை வரிசை என்ற எண்ணிக்கை. ஃபீல்டுகள் வரிசையாக இருக்கும் இடது பக்கம் முழுக்கத் தேடினாலும் அப்படி ஒன்று இல்லை. 2020.2 பதிப்பிலிருந்து அதை எடுத்துவிட்டு, ஒவ்வொரு டேபிளின் பெயரோடும் கவுண்ட் என்று ஒட்டிய ஒரு ஃபீல்டைத் தருகிறார்கள். அதே பதிப்பில் டைமென்ஷன்ஸ் (பெயர், ஊர், தேதி போன்ற பிரித்துப் பார்க்கும் ஃபீல்டுகள்), மெஷர்ஸ் (விற்பனை போன்ற கூட்டிப் பார்க்கும் எண்கள்) என்ற தலைப்புகளும் போய்விட்டன, நடுவில் மெல்லிய கோடு மட்டும்தான் இருக்கும். கோட்டுக்கு மேலே டைமென்ஷன், கீழே மெஷர். இது தெரியாமல் புத்தகத்தில் உள்ள படத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தால் தலைதான் சுற்றும்.

ஜாயின், அதாவது இரண்டு டேபிளை ஒரே டேபிளாக இணைப்பது பற்றிய அத்தியாயம் இன்னும் மோசம். இரண்டு வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் படம் திரையில் வரும், அதைக் கிளிக் செய்யுங்கள் என்கிறது புத்தகம். இப்போது இரண்டாவது டேபிளை இழுத்துப் போட்டால் வளைந்த கோடு ஒன்றுதான் வருகிறது, அதற்குப் பெயர் ரிலேஷன்ஷிப். பழைய ஜாயின்தான் வேண்டும் என்றால் முதல் டேபிளை டபுள் கிளிக் செய்து உள்ளே போக வேண்டும், இரண்டாவது டேபிளை அங்கே இழுத்துப் போட்டால் அந்த வட்டங்கள் வரும். உண்மையில் இந்த மாற்றம் நமக்கு நல்லதுதான். ஒரு டேபிளில் ஒரு ஆர்டருக்கு அனுப்பும் செலவு 100 ரூபாய், இன்னொரு டேபிளில் அந்த ஆர்டரில் 3 பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாயின் போட்டால் அந்த 100 மூன்று வரிசையிலும் வந்து உட்கார்ந்து கூட்டுத்தொகை 300 என்று காட்டும். ரிலேஷன்ஷிப்பில் 100 என்றே நிற்கும். எந்த முறையில் இணைத்தாலும் சரி, இணைத்த கையோடு மொத்தத் தொகையை எக்செலில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பயிற்சி ஃபைல்களுக்காகப் புத்தகம் கொடுத்திருந்த இணைப்பு செத்துப்போயிருந்தது. டெஸ்க்டாப் மென்பொருளோடு வரும் சூப்பர்ஸ்டோர் என்ற மாதிரி விற்பனை டேட்டாவை வைத்து ஓட்டினேன். அதில் உள்ள ஆண்டுகளை அவ்வப்போது முன்னே நகர்த்திவிடுகிறார்கள், அதனால் புத்தகத்தில் உள்ள எண் நம் திரையில் வராது. அதற்காகக் குழம்ப வேண்டாம், சார்ட்டின் வடிவம் ஒத்துவந்தால் போதும்.

பதிப்பு பழசு என்பதையாவது மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது நிறம் பற்றி அது சொல்லிக்கொடுத்தது. ஃபீல்டின் நிறம் நீலம் என்றால் டைமென்ஷன், பச்சை என்றால் மெஷர் என்று அடித்துச் சொல்கிறது. தப்பு. நீலம் என்றால் தனித்தனி மதிப்புகள், தலைப்புகளாகப் பிரியும். பச்சை என்றால் தொடர்ச்சியான மதிப்பு, அச்சாக நீளும். தேதி ஃபீல்டில் கை வைத்ததும் இது புரிந்துவிடும். ஷெல்ஃபில் போட்ட ஃபீல்டு மாத்திரை வடிவில் தெரியும், அதற்குப் பெயர் பில் (pill). அதன் மெனுவைத் திறந்தால் மாதம் இரண்டு இடத்தில் இருக்கும். மேலே உள்ளதன் பக்கத்தில் மே என்று மட்டும், கீழே உள்ளதன் பக்கத்தில் மே 2015 என்று வருடத்தோடு எடுத்துக்காட்டு இருக்கும். மேலே உள்ளதை எடுத்தால் எல்லா வருடத்து மே மாதமும் ஒன்றாகக் கூட்டப்படும். விற்பனை வருடா வருடம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டியவர்களுக்குக் கீழே உள்ளதுதான் தேவை. புத்தகம் இதை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை.

சொந்த டேட்டாவுக்கு வரும்போது தேதி இன்னொரு விதத்திலும் படுத்தும். 05/04 என்பது ஏப்ரல் 5ஆ மே 4ஆ என்பதை வொர்க்புக்கின் லொகேல் (எந்த நாடு, மொழி என்ற அமைப்பு) வைத்துத்தான் டேப்லோ முடிவு செய்கிறது, புரியாத தேதி நல் (null), அதாவது காலி மதிப்பு ஆகிவிடும். டேட்பார்ஸ் என்ற ஃபங்ஷன் போட்டு நாமே வடிவத்தைச் சொல்லிவிடுவது பாதுகாப்பு. அதில் மாதத்துக்குப் பெரிய எழுத்து எம் போட வேண்டும். சின்ன எம் என்றால் நிமிடம், போட்டால் எல்லாத் தேதியும் ஜனவரியில் போய் விழும். அப்புறம், மாதத்துக்கு ஒரு நெடுவரிசை என்று அகலமாகப் பரப்பிய ஷீட் இருந்தால், அந்த நெடுவரிசைகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து பிவட் கொடுங்கள், அவை வரிசைகளாக மாறிவிடும். இதைச் செய்யாமல் எந்த சார்ட்டும் ஒழுங்காக வராது.

லாப விகிதம் போடும் இடத்தையும் கவனியுங்கள். லாபத்தை விற்பனையால் வகுத்து, அதற்குச் சராசரி எடு என்கிறது புத்தகம். 100 ரூபாய் விற்பனையில் 50 லாபம், 900 ரூபாய் விற்பனையில் 90 லாபம் என்றால் அந்த வழியில் 30 சதவீதம் வரும். உண்மையில் 1000க்கு 140, அதாவது 14 சதவீதம். ஃபார்முலாவுக்குள்ளேயே லாபத்துக்கு ஒரு சம் (SUM, கூட்டுத்தொகை), விற்பனைக்கு ஒரு சம் போட்டு வகுக்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் சம் போட்டால் டேப்லோவே பிழை காட்டி நிறுத்திவிடும், அந்த வகையில் நல்லது.

எனக்குப் பெரிய வெற்றி என்றால் ஃபிக்ஸ்ட் கணக்கு, அதாவது சார்ட்டில் எது இருந்தாலும் நாம் சொன்ன டைமென்ஷன்படியே கணக்கிடும் ஃபார்முலா, பிடிபட்டதுதான். வாடிக்கையாளர் வாரியாக மொத்த விற்பனையை அதில் போட்டுவிட்டு ஒரு பகுதியை மட்டும் ஃபில்டர் செய்தால் எண் கொஞ்சமும் அசையாது. சாதாரண டைமென்ஷன் ஃபில்டர் வேலை செய்வதற்கு முன்னாலேயே ஃபிக்ஸ்ட் கணக்கிடப்பட்டுவிடுவதுதான் காரணம். ஃபில்டரை ரைட் கிளிக் செய்து ஆட் டு கான்டெக்ஸ்ட் கொடுங்கள், அப்போது அது ஃபிக்ஸ்டுக்கும் முன்னாலேயே வேலை செய்யும் கான்டெக்ஸ்ட் ஃபில்டர் ஆகிவிடும், பில் சாம்பல் நிறமாகும், எண்ணும் மாறும். அது மாறியதைப் பார்த்தபோது கிடைத்த சந்தோஷத்தை அந்தப் புத்தகத்தின் எந்தப் பயிற்சியும் தரவில்லை, கான்டெக்ஸ்ட் ஃபில்டர் என்ற சொல்லே அதில் இல்லை.

இலவசமான டேப்லோ பப்ளிக்கில் பழகுகிறவர்கள் ஆபீஸ் டேட்டாவைத் தொட வேண்டாம். அதில் பப்ளிஷ் செய்வது எல்லோர் கண்ணிலும் படும்.