காசுக்கும் மனசுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லாதீர்கள்

"காசு பணத்தால நிம்மதி வராது" என்று அடிக்கடி சொல்பவர்களைக் கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் மாதக் கடைசியைப் பற்றிய கவலையே இல்லாதவர்களாகத்தான் இருப்பார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்த எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே கோபம் வருகிறது.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா பல வருஷம் தையல் ஆலையில் வேலை பார்த்தவர். 1990களில் இறக்குமதி வரியைக் குறைத்ததும் மலிவான துணிமணி வந்து குவிந்தது, இங்கே ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின, அவருடையதும் மூடியது. சம்பளம் நின்றது ஒரு பக்கம். அதைவிட, கல்யாணத்துக்குப் போனால் கவரில் எவ்வளவு வைப்பது, போன தடவை கட்டிய சேலையையே கட்டினால் என்ன நினைப்பார்கள் என்ற யோசனையிலேயே எங்கும் போகாமல் இருந்துவிட்டார். புரட்டாசிப் பூசைக்குக்கூட வரவில்லை. தூக்கம் போச்சு, நெஞ்சு படபடப்பு, கிளினிக்கில் மாத்திரை. ஊரோ அவருக்குத் தலைக்கனம் என்றது!

2010இல் உளவியலாளர் கானமனும் பொருளாதார அறிஞர் டீட்டனும் அமெரிக்காவில் செய்த ஆய்வைப் பலர் மேற்கோள் காட்டுவார்கள்: வருஷத்துக்கு 75,000 டாலருக்கு மேல் போனால் அன்றாட மகிழ்ச்சி கூடுவதில்லை என்று. அதே ஆய்வில் இருக்கும் இன்னொரு முடிவை யாரும் சொல்வதில்லை. விவாகரத்து, நோய், தனிமை எதுவானாலும் வருமானம் குறைந்தவர்களை அதிகமாக வலிக்க வைக்கிறது. சரி, அந்த 75,000 கணக்கும் பிறகு மாறிவிட்டது. 2023இல் கானமனே கில்லிங்ஸ்வொர்த் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து மறுபடி பார்த்தபோது, பெரும்பாலானவர்களுக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் கூடிக்கொண்டேதான் போகிறது என்று தெரிந்தது.

ஆனால் காசு மட்டும்தான் காரணம் என்றும் நான் சொல்லவில்லை. லண்டன் அரசு ஊழியர்களிடம் மார்மட் என்ற மருத்துவ ஆய்வாளர் நடத்திய ஆய்வுகளில், பட்டினி கிடக்காத, மாதச் சம்பளம் வாங்கும் ஆட்களிடையே கூட, பதவியில் ஒவ்வொரு படி கீழே இறங்க இறங்க இதய நோய் கூடியது. தன் வேலையில் தனக்கே அதிகாரம் இல்லாததும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். எங்களுக்கு இது புதிதா என்ன? இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடிவைத்த நிறவெறி ஆட்சியின் குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி, யார் எங்கே குடியிருக்க வேண்டும் என்று அரசாங்கமே முடிவு செய்துதான் 1960களில் எங்கள் பெரியவர்களை இங்கே கொண்டுவந்து விட்டது.

அந்த அக்கா மாதிரி ஆட்கள் கூசாமல் வரட்டும் என்று கோயில் கமிட்டியிடம் நான் கேட்டிருப்பது ஒன்றுதான். நன்கொடை கொடுத்தவர் பெயரை மைக்கில் வாசியுங்கள், தொகையை வாசிக்காதீர்கள். இன்னும் பதில் வரவில்லை, அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.