தகரப் பெட்டியும் தாது வருஷக் கடனும்

பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டைப் பாகம் பிரிப்பது என்று முடிவான வாரத்தில்தான் பரணிலிருந்து அந்தத் தகரப் பெட்டி இறங்கியது. மூலப்பத்திரம் அதில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். வேறு என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. திறந்து பார்த்தால் பத்திரங்கள் பத்துப் பதினைந்துதான். மீதியெல்லாம் பேரேடுகள், குறிப்பேடுகள், நூலில் கோத்த ரசீதுகள், கோர்ட்டுக் காகிதங்கள், கடிதங்கள். கொள்ளுத்தாத்தாவுடைய அப்பா ஜவுளி வியாபாரி. எல்லாம் அவர் கைக்கணக்கு.

"பத்திரத்த எடுத்துக்கிட்டு மிச்சத்தப் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுடலாம்" என்றார் சித்தப்பா. நானும் ஏறக்குறைய சம்மதித்துவிட்டேன்.

தடுத்தவர் தம்புச் செட்டித் தெருவில் நாங்கள் பார்க்கப் போன வக்கீல். "எதையும் கலைக்காதீங்க, எங்க இருந்துச்சோ அந்த வரிசையிலயே இருக்கட்டும்" என்றார். 30 வருஷத்துக்கு மேற்பட்ட ஆவணம், இருக்க வேண்டியவர்களிடம் இருந்து வந்தால், அதை உண்மையானது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம். 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில் இது 90-வது பிரிவு. 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. அதனால் எந்தக் கட்டில் எது இருந்தது என்பதும் ஒரு சாட்சிதான் என்று விளக்கினார்.

அதற்குள் ஒரு தவறு நடந்துவிட்டது. மடிப்பில் கிழிந்திருந்த ஒரு கிரயப் பத்திரத்தைப் பக்கத்துக் கடையில் லேமினேட் செய்யக் கொடுத்திருந்தோம். மடிப்பு நொறுங்கி, ஒரு வரி காணாமல் போய், பிளாஸ்டிக்குக்குள் ஒட்டி வந்தது. இனி அதைப் பிரிக்க முடியாது. அந்த வரியில்தான் கிழக்கு எல்லை இருந்தது. இதை எழுதும்போதும் மனசு வலிக்கிறது. உங்கள் வீட்டில் பழைய பத்திரம் இருந்தால் லேமினேஷன் வேண்டாம், செலோடேப்பும் வேண்டாம்.

அப்புறம் நிதானமாக வேலை செய்தேன். கட்டைப் பிரிப்பதற்கு முன் ஒரு போட்டோ, பிரித்தபின் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு போட்டோ. ஓரத்தில் பென்சிலால் மட்டும் எண். ஈரம் கோத்த தாள்களை வெயிலில் காட்டாமல், ஆண்டர்சன் தெருவில் வாங்கிய ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து, ஃபேன் காற்றில் உலர்த்தினேன். ராமபாணப் பூச்சி அரித்த பேரேட்டைத் தூரிகையால் துடைத்தேன். ராசப்பச் செட்டித் தெருவில் வசம்பு வாங்கித் துணியில் முடிந்து பெட்டியில் போட்டேன்.

படிப்பதுதான் பெரிய பாடு. மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி கிடையாது. கண்ணால் பார்த்தால் ஒன்றும் புரியாது. வாய்விட்டு வாசித்தால் பாதி புரியும். ஒரு பக்கத்தில் "அ௱ரு௰" என்று இருப்பதாகவே நினைத்து மூன்று நாள் தடுமாறினேன். அது எழுத்தே இல்லை. ௮௱௫௰, அதாவது 850. தமிழ் எட்டு அகரம் போலவும், ஐந்து ரு போலவும் இருக்கும். அது பிடிபட்டதும் ௶ என்றால் பற்று, ௷ என்றால் வரவு, ௸ என்றால் மேற்படி, ௹ என்றால் ரூபாய் என்று ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. பக்கத்துக்குப் பக்கம் மசூலா கூலி என்று ஒரு செலவு வந்தது. கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தூரத்தில் நிற்க, கயிற்றால் தைத்த மசூலா படகுகள் அலையைத் தாண்டிச் சரக்கைக் கொண்டு போய்ச் சேர்த்த காலம் அது. துணி மூட்டை ஒவ்வொன்றும் அலையில் ஏறி இறங்கித்தான் போயிருக்கிறது.

மூலப்பத்திரத்தின் மடிப்புக்குள் ஒரு சீட்டு இருந்தது. தாது வருஷம் ஐப்பசி மாதம், பத்திரத்தை ஒரு லேவாதேவிக்காரரிடம் வைத்து 850 ரூபாய் வாங்கியதாக. தாது என்றால் 1876-ஆ, 1936-ஆ? அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் வருமே. சீட்டோடு கோத்திருந்த முத்திரைத்தாளில் விக்டோரியா ராணி தலை இருந்ததால் 1876. பெரும் பஞ்சம் தொடங்கிய வருஷம். பேரேட்டிலும் அந்த மாதங்களில் ஜவுளி வரவு மெலிந்து, அரிசிச் செலவு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

அந்தக் காலத்தில் சென்னை மாதிரி நகரங்களில் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கினால் அதுவே அடமானம், பதிவு கட்டாயமில்லை. பதிவாகாத அப்படிப்பட்ட பழைய கடன் வில்லங்கச் சான்றில் வராது. அந்தக் கடன் இன்னும் நிற்குமா என்று வக்கீலிடம் கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ காலாவதி ஆயிடுச்சும்மா, பாகப்பிரிவினைக்கு ஒண்ணும் தடையில்ல" என்றார்.

ஆனால் 84 வயது அத்தை விடவில்லை. "கேஸு வராது சரி. வாங்கின கடன அவரு கட்னாரா இல்லியா? அத சொல்லு."

பேரேட்டை மறுபடி எடுத்தேன். ஈஸ்வர, வெகுதானிய, பிரமாதி, விக்கிரம என்று வருஷா வருஷம், ஐம்பது, எழுபது எனத் தவணை தவணையாக ௶ பத்தியில் போய்க்கொண்டிருந்தது. விஷு வருஷத்தில், 1881 நவம்பர் புயலுக்கு அப்புறம், ஆறு மாதம் ஒன்றுமில்லை. கட்டிக்கொண்டிருந்த துறைமுகத்தையே உடைத்த புயல் அது. சித்திரபானு மாசியில், 1883-இல், கடைசி வரி: பாக்கி தீர்ந்தது, பத்திரம் கைக்கு வந்தது.

அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். "வட்டியும் சேத்துத்தானே?" என்றார். அடுத்த பக்கத்தில் வட்டிக்குத் தனிப் பற்று இருந்தது. அதையும் வாசித்தேன்.

சித்தப்பா பேரேட்டைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். பத்திரங்கள் இப்போது வக்கீலிடம். மற்றவை அதே வரிசையில் அதே பெட்டியில், பரணில் இல்லை, கூடத்து அலமாரியில். கடிதங்களில் பாதி தெலுங்கு. எதிர்வீட்டு ஐயா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து படித்துச் சொல்கிறார், நான் எழுதிக்கொள்கிறேன். இதுவரை பதினொன்று முடிந்திருக்கிறது.