பார்ப்பவர்களிடம் காட்டிவிட்டு எடுத்த மியூசிக் வீடியோ

எங்கள் ஊடகப் பாடத்தின் இறுதித் திட்டமாக நான்கு பேர் சேர்ந்து ஒரு மியூசிக் வீடியோ எடுத்தோம். வீடியோவுக்குத் தனி மதிப்பெண், திட்டமிடலுக்கும் பார்வையாளர் ஆய்வுக்கும் தனி மதிப்பெண். எல்லாம் முடிந்த பிறகு இந்த ஆய்வை ஒப்புக்கு எழுதிச் சேர்ப்பவர்கள் உண்டு. எங்கள் கதையைத் திருத்திக் கொடுத்ததே அந்த ஆய்வுதான். அதனால் கேமராவைப் பற்றிக் குறைவாகவும் இதைப் பற்றி நிறையவும் எழுதுகிறேன்.

முதலில் பாட்டு. பிரபலமான ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்ற பேச்சு வந்தது. ஆனால் ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. வரிகளுக்கும் மெட்டுக்கும் ஒன்று, ஒலிப்பதிவுக்கு இன்னொன்று. அதைப் படத்தோடு சேர்த்து வெளியிட இரண்டு பக்கமும் அனுமதி வேண்டும். யூடியூபில் ஏற்றினால் அங்கிருக்கும் கன்டென்ட் ஐடி என்ற தானியங்கிச் சோதனை ஒலியை வைத்தே பாட்டை அடையாளம் கண்டுவிடும். வகுப்புத் தோழி ஒருத்தி தானே எழுதி, மெட்டமைத்து, பாடிப் பதிவு செய்த பாட்டு ஒன்று கைவசம் இருந்தது. அவளிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக் கோப்பில் வைத்தோம், அந்த வேலை முடிந்தது.

வேலைக்காக வெளிநாடு போன அக்காவை நினைத்துத் தங்கை பாடும் பாட்டு அது. ஒரே அறை, இரண்டு கட்டில்கள், ஒன்று காலி. தங்கை அக்காவின் துணியை மடித்து வைக்கிறாள், பழைய புகைப்படத்தை எடுத்துப் பார்க்கிறாள், கடைசியில் ஜன்னலைத் திறக்கிறாள். நடுநடுவே கேமராவைப் பார்த்துப் பாடுகிறாள். கதையும் பாடுவதும் கலந்த இந்த வடிவம் மாணவர்களுக்குத் தோதானது. கதைக் காட்சி ஒன்று சரியாக வராவிட்டால் அந்த இடத்தில் பாடும் முகத்தை வைத்துச் சமாளித்துவிடலாம்.

யாருக்காக எடுக்கிறோம் என்பதை எழுதித் தர வேண்டும். ‘எல்லாருக்கும்’ என்ற பதில் செல்லாது என்று ஆசிரியர் முதலிலேயே சொல்லிவிட்டார். 17 முதல் 22 வயதுக்குள், வீட்டில் யாரையாவது பிரிந்திருப்பவர்கள் என்று வைத்துக்கொண்டோம். கூகுள் ஃபார்மில் கேள்விகளைத் தயாரித்து, எல்லாருக்கும் அனுப்பும் முன் ஒரு சிலரிடம் மட்டும் கொடுத்துப் பார்த்தோம். “கதையுள்ள வீடியோ பிடிக்குமா?” என்று கேட்டால் யார்தான் பிடிக்காது என்பார்கள்? அந்த மாதிரிக் கேள்விகளை எடுத்துவிட்டு, “கடைசியாகப் பார்த்த மியூசிக் வீடியோவை எதில் பார்த்தீர்கள், எங்கே இருந்தீர்கள், முழுதாகப் பார்த்தீர்களா?” என்று மாற்றினோம். ரசனையைக் கேட்டால் நல்ல பிள்ளையாகப் பதில் சொல்பவர்கள், பழக்கத்தைக் கேட்டால் உண்மையைச் சொல்கிறார்கள்.

பதில்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருந்தன. போனில், வேறு வேலைக்கு நடுவே, பாதியில் நிறுத்தி. உடனே ஷாட் லிஸ்டை, அதாவது எடுக்க வேண்டிய ஷாட்களின் பட்டியலை, எடுத்துத் திருத்தினோம். அக்கா எழுதிய துண்டுச் சீட்டு அறையின் மூலையில் தெரிவதாக இருந்தது. போன் திரையில் அது வெறும் வெள்ளைப் புள்ளிதான், ஆகவே க்ளோசப் ஆனது. வீடியோவை அகலவாக்கில் 16:9 அளவிலேயே வைத்துக்கொண்டோம். ஆனால் ரீல்ஸுக்கு நெட்டுவாக்கில் 9:16 ஆக வெட்டினால் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. எனவே முன்னோட்டத்துக்கு வேண்டிய ஷாட்களில் முகம் நடுவிலேயே இருக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டோம்.

ஆனால் படிவத்தைவிடப் பல மடங்கு உதவியது அனிமேட்டிக். ஒவ்வொரு ஷாட்டும் எப்படி இருக்கும் என்று வரைந்து வைத்த ஸ்டோரிபோர்டு படங்களை போனில் படம் பிடித்து, எடிட்டிங் மென்பொருளில் பாட்டின் மேல் வரிசையாக வைத்தால் அதுதான் அனிமேட்டிக். குச்சி மனிதர்கள் போதும், ஓவியம் தெரிந்திருக்கத் தேவையில்லை. அதை ஒவ்வொருவராக உட்கார வைத்துக் காட்டினோம். கூட்டமாகக் காட்டினால் முதலில் வாய் திறப்பவர் சொல்வதையே மற்றவர்களும் சொல்வார்கள். ஒருவர் காட்டுவார், இன்னொருவர் பார்ப்பவரின் முகத்தை மட்டும் கவனித்துக் கண் எங்கே விலகுகிறது என்று நேரத்தோடு குறிப்பார். முடிந்ததும் “பிடித்ததா?”, “புரிந்ததா?” என்றெல்லாம் கேட்காமல், “என்ன பார்த்தீர்கள், கதையாகச் சொல்லுங்கள்” என்று மட்டும் கேட்டோம்.

ஒரு முதலாமாண்டு மாணவி பார்த்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “அக்கா எப்படி இறந்தாங்க?” என்று கேட்டாள்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அடுத்து வந்தவரும் அதையேதான் சொன்னார், அதற்கடுத்தவரும். யோசித்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. காலிக் கட்டில், மடித்த துணி, கையில் புகைப்படம். இவை மூன்றும் அடுத்தடுத்து வந்தால் யாருக்கும் சாவுதான் தோன்றும். ‘வெளிநாடு’ என்ற சொல் பாட்டில் எங்குமே இல்லை. அக்கா போனதை நாங்கள் அறிந்திருந்தோம், படம் அதைச் சொல்லவில்லை.

தீர்வுக்கு நிறைய விவாதித்தோம். விமான நிலையக் காட்சி வைக்கலாம் என்றார் ஒருவர். அதற்கு அனுமதி கிடைப்பதே பெரும்பாடு, அதோடு அந்தச் சின்ன அறையின் நெருக்கமும் கலைந்துவிடும். கடைசியில் இரண்டே ஷாட் சேர்த்தோம். பல்லவிக்கு முன் வரும் இசையில், இருவரும் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து அதை மூடப் பார்க்கிறார்கள். முதல் இடையிசையில், இருட்டில் படுத்திருக்கும் தங்கையின் முகத்தில் போன் வெளிச்சம், திரையில் அக்காவின் முகம், அவள் பக்கம் பகல். அந்தப் பகல் வெளிச்சம் ஒன்றே தூரத்தைச் சொல்லிவிட்டது.

இரண்டாவது சரணத்தில் பலரின் கண் விலகியிருந்தது. அங்கே ஒரே அறையை மூன்று கோணத்தில் காட்டிக்கொண்டிருந்தோம். அந்த இடத்துக்கு ஸ்லோ மோஷன் திட்டமிட்டோம். பாடிக்கொண்டே ஸ்லோ மோஷனில் வர, பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிட்டு நொடிக்கு 48 ஃபிரேமில் (ஃபிரேம் என்பது வீடியோவின் ஒரு தனிப் படம்) எடுத்து, 24 ஃபிரேமில் ஓட்ட வேண்டும். அப்போது உதட்டசைவு பாட்டோடு பொருந்தும், உடலசைவு மட்டும் மெதுவாகும். இரட்டை வேகத்தில் வாயசைக்கப் பயிற்சி வேண்டும், படப்பிடிப்பு அன்று சொன்னால் வராது. தங்கையாக நடித்தவளுக்கு வேகம் கூட்டிய பாட்டை முன்கூட்டியே அனுப்பி வைத்தோம்.

ஷாட்களின் நீளத்தையும் தாளத்தை வைத்தே கணக்கிட்டோம். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 90 தட்டு. 24 ஃபிரேமில் எடுத்தால் ஒரு தட்டுக்குச் சரியாக 16 ஃபிரேம், நான்கு தட்டுக்கு 64. ஷாட் லிஸ்டில் நொடிக்குப் பதில் தட்டுகளை எழுதினோம். எடிட்டிங்கில் எங்கே வெட்டுவது என்ற சண்டை பெருமளவு குறைந்தது. படப்பிடிப்பு பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாட்டைச் சத்தமாக ஒலிக்கவிட ஒரு ஸ்பீக்கர் கட்டாயம், மாற்று பேட்டரியும் கட்டாயம்.

ரஃப் கட்டை, அதாவது முதல் கட்ட எடிட்டை, அனிமேட்டிக் பார்க்காத புதியவர்களிடம் மட்டும் காட்டினோம். ஏற்கெனவே கதை தெரிந்தவரின் பதிலால் பயனில்லை. அதே கேள்விதான். “அக்கா வெளிநாடு போயிட்டாங்க, இவ அந்த ரூம்ல பழகிக்கிறா” என்றார் ஒருவர். அந்த ‘பழகிக்கிறா’ எங்களுக்கே தோன்றாதது. ஜன்னலைத் திறக்கும் கடைசி ஷாட்டை எட்டுத் தட்டு நீட்டினோம், அவள் திறந்துவிட்டு அக்காவின் கட்டிலில் வந்து உட்காரும் வரை.