நெற்றியில் தொங்கிய சுமை

இன்று 25 கிலோ அரிசி மூட்டையை மாடிக்குத் தூக்கி வந்ததிலிருந்து, கனடாவின் போர்ட்டேஜ் லா லோஷ் பாதைதான் மனதில் ஓடுகிறது.

சஸ்காட்செவன் மாகாணத்தின் வடமேற்கில் 19 கிலோமீட்டர் காட்டுவழி. படகில் வந்த வியாபாரச் சரக்கை ஒரு நீர்வழியிலிருந்து அடுத்த நீர்வழிக்கு ஆட்கள் சுமந்து கடந்த இடம். இந்தப் பக்கத்துத் தண்ணீர் சர்ச்சில் ஆற்றோடு ஹட்சன் விரிகுடாவுக்குப் போகும். அந்தப் பக்கம் கிளியர்வாட்டர் ஆறு. அதன் தண்ணீர் மெக்கன்சி ஆறு வழியாக ஆர்க்டிக் கடலுக்கு. 1778இல் பீட்டர் பாண்ட் என்ற விலங்குத்தோல் வியாபாரி இதைக் கடந்தார். அவர் 'கண்டுபிடித்தார்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மண்ணின் மக்கள் ஏற்கெனவே நடந்த வழி அது.

சுமைகாரர்களை நினைத்தால்தான் நெஞ்சு கனக்கிறது. ஒரு கட்டு சுமார் 41 கிலோ. தோல்பட்டையை நெற்றியில் மாட்டினால் கட்டு முதுகில் தொங்கும். அதன்மேல் இன்னொரு கட்டு. கழுத்து நரம்பு புடைக்க, குனிந்தபடியே வேகநடை. கொஞ்ச தூரத்தில் இறக்கி வைத்துவிட்டு, மிச்சத்தை எடுக்கத் திரும்ப வேண்டும். பிற்காலத்தில் இரு பக்கத்துப் படகுக்காரர்களும் வழியிலிருந்த சின்ன ஏரிக்கரையில் சந்தித்துச் சரக்கை மாற்றிக்கொண்டார்கள். படகைத் தூக்கும் பாடாவது மிச்சம்!

1880களில் ரயிலும் நீராவிப் படகும் வந்து இந்தச் சுமைக்கு முடிவு கட்டின. பாதை மட்டும் இன்னும் இருக்கிறது. ஒருமுறையாவது நடந்து பார்க்க வேண்டும்.