ஜெராக்ஸில் கறுத்துப்போன பெட்டி

வடிவமைப்புத் தொழிலில் பல ஆண்டுகளைக் கழித்துவிட்ட எனக்கு, எதுவுமே தோன்றாத நாட்கள் புதியவை அல்ல. ஆனாலும் வெற்றுத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும்போது, கைவந்த தொழில் கைவிட்டுப் போய்விட்டதோ என்ற அச்சம் இன்றும் வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது.

அத்தகைய நாட்களில் நெடுங்காலமாக நான் செய்துவந்தது, பின்டரஸ்ட் என்ற படத் தொகுப்புத் தளத்தைத் திறந்து பிறருடைய வேலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். அரை மணி நேரம் என்று தொடங்குவது அரை நாளை விழுங்கிவிடும். பார்க்கும்வரை உற்சாகமாக இருக்கும். மூடியதும் முன்பிருந்ததைவிடச் சோர்வாக இருக்கும். அங்கே காணக் கிடைப்பவை அனைத்தும் முடிந்துபோன வேலைகள் என்பதும், எந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காக அந்த நிறமும் அந்த இடைவெளியும் வந்தன என்பது அந்தப் படங்களில் தெரிவதே இல்லை என்பதும் எனக்குப் பிடிபடச் சில ஆண்டுகள் ஆயின.

பிடிபட வைத்தது ஒரு மருத்துவமனைப் படிவம். நோயாளிகள் நிரப்பித் தர வேண்டிய இரண்டு பக்கப் படிவத்தை மாற்றியமைக்கும் பணி அது. படிவம்தானே என்று சற்று அலட்சியமாகவே எடுத்துக்கொண்டேன். இணையத்தில் கண்ட மாதிரிகளைப் பின்பற்றி, மெல்லிய எழுத்துருவில், வெளிர்சாம்பல் நிறம் பூசிய பெட்டிகளுடன் அழகாக ஒன்றைச் செய்து கொடுத்தேன், எல்லோரும் பாராட்டினார்கள். சில வாரங்கள் கழித்து வேறொரு வேலையாக அங்கே போயிருந்தபோது, காத்திருப்போர் வரிசையில் ஒரு முதியவர் அந்தப் படிவத்தை முழங்காலின் மேல் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்தது நான் அச்சிட்டுக் கொடுத்த தாள் அல்ல, ஜெராக்ஸின் ஜெராக்ஸ். என் வெளிர்சாம்பல் பெட்டிகள் புள்ளி புள்ளியாகக் கறுத்துப்போயிருந்தன. நீலப் பேனாவால் அவர் அதற்குள் எழுதியது அவருக்கே தெரியவில்லை. பெயரைப் பெட்டிக்கு வெளியே, ஓரத்தில் இருந்த வெள்ளை இடத்தில், மேல்நோக்கி ஏறும் வரியாக எழுதி முடித்தார். அந்த ஓரத்தை நான் அழகுக்காக விட்டிருந்தேன் என்பது தனிக்கதை.

அன்று வெட்கமாக இருந்தது. ஆனால், வீடு திரும்பும் வழியிலேயே, பல மாதங்களாகத் தோன்றாத அளவுக்கு யோசனைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நிறப்பூச்சை அடியோடு எடுத்துவிட்டுத் தடித்த கோடு மட்டும் வைத்தால் என்ன, பெட்டியின் உயரத்தை நடுங்கும் கைக்கு ஏற்ப வைத்தால் என்ன, நகலெடுத்த நகலிலும் நிற்கிற எழுத்துரு எது என்று கேள்விகள் தாமாக முளைத்தன.

அப்போதுதான் எழுத்துரு வடிவமைப்பாளர் மேத்யூ கார்ட்டர் அமெரிக்கத் தொலைபேசிக் கையேடுகளுக்காக 1978இல் உருவாக்கிய பெல் சென்டெனியல் எழுத்துருவை உண்மையாகப் புரிந்துகொண்டேன். மலிவான தாளில், மிகச் சிறிய அளவில், அதிவேக இயந்திரங்களில் அச்சாகும்போது மை பரவி எழுத்துகளின் மூலைகளை அடைத்துவிடும். அவரோ கோடுகள் கூடும் இடங்களில் முன்கூட்டியே வெட்டுகள் விட்டுவைத்தார். பரவும் மை அந்தப் பள்ளங்களை நிரப்பி எழுத்தைச் சரியாக்கியது. பெரிதாக்கிப் பார்த்தால் எலி கடித்ததுபோல் இருக்கும் அந்த எழுத்துகளை, மாணவனாக இருந்தபோது ஒரு விசித்திரம் என்று எண்ணிப் புரட்டிவிட்டுப் போயிருந்தேன். தாளின் குறையை அவர் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்திருப்பார் என்று அப்போது தோன்றவில்லை.

இப்போதெல்லாம் யோசனை வற்றினால், பொருள் புழங்கும் இடத்துக்குப் போய்விடுகிறேன். போக முடியாவிட்டால், குறைந்தபட்சம் உண்மையான அளவில் அச்சிட்டு, கசக்கி, மங்கிய விளக்கில் பிடித்துப் பார்க்கிறேன். இது எல்லா வேலைக்கும் பலிப்பதில்லை. அளவு மாற்றிக் கொடுக்க வேண்டிய நாற்பது விளம்பரப் பட்டைகளுக்கு எந்த உந்துதலும் வராது. அவற்றைக் காலையிலேயே முடித்துத் தள்ளிவிடுவதுதான் நல்லது. மற்றவர்களின் வேலையைப் பார்ப்பதையும் நான் விட்டுவிடவில்லை. பார்க்கும்போது, இது எதற்கு விடை என்று கேட்டுக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

தற்சமயம் என் மேசையில் இருப்பது ஒரு கிடங்கில் பெட்டிகளின் மேல் ஒட்டப்படும் லேபிள். இரண்டு நாட்கள் ஒன்றும் ஓடாமல், சென்ற வாரம் அங்கே போய் நின்றேன். பெட்டியை அடுக்கும் ஒவ்வொருவரும், லேபிளில் பன்னிரண்டு இலக்கங்களாக நீளும் எண்ணின் கடைசி நான்கை மட்டும் தடித்த மார்க்கரால் அட்டையின் மேலேயே பெரிதாக எழுதிவிட்டுத்தான் அடுத்த பெட்டியைத் தூக்குகிறார்கள். ஏன் என்று கேட்டேன். "கீழே நின்னு பாத்தா இதுதான் சார் தெரியும்" என்றார் ஒருவர். அந்த நான்கு இலக்கங்களைக் குறிப்பேட்டில், அவர் எழுதிய அதே சாய்வுடன், வரைந்து வைத்திருக்கிறேன். திரையில் இன்னும் எதையும் தொடங்கவில்லை.