இரண்டு ஷிஃப்டுகளுக்கு இடையே இருக்க வேண்டிய நேரம்

வேலைநேர உரிமை என்றால் ஒரு நாளைக்கு எத்தனை மணிநேரம், ஒரு வாரத்துக்கு எத்தனை மணிநேரம் என்ற கணக்கோடு நாம் பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. சுழற்சி முறையில் உழைப்பவருக்கு அந்த இடைவெளி தனியொரு உரிமையாக இருந்தாக வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரவு 11 மணிக்கு டூட்டி முடிக்கும் செவிலியர் ஒருவர் மறுநாள் காலை 7 மணிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டுமே எட்டு மணிநேர ஷிஃப்டுகள். வார மொத்தமும் வரம்பைத் தாண்டவில்லை. நள்ளிரவிலிருந்து நாளைக் கணக்கிடும் சட்டமாக இருந்தால், அவை இரு வேறு நாள்களில் அமைந்துவிடுவதால் பதிவேட்டில் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைப்பது, போகவரப் பயணம், குளியல், உணவு ஆகிய அனைத்தும் அந்த எட்டு மணிநேரத்துக்குள்ளேயே முடிய வேண்டும் என்பதால், ஐந்து மணிநேரத் தூக்கம் கிடைப்பதே அரிது. அந்தத் தூக்கக் குறைவோடுதான் அவர் காலையில் மருந்தின் அளவைச் சரிபார்க்கிறார்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டு வேலைநேர உத்தரவு, ஒவ்வொரு 24 மணிநேரத்திலும் குறைந்தது 11 மணிநேரம் இடைவிடாத ஓய்வு தரப்பட வேண்டும் என்கிறது. ஐந்தும் ஆறுமாகப் பிரித்துக் கொடுப்பது போதாது. வார ஓய்வு இதற்கு மேல் தனியாகத் தரப்பட வேண்டியது. ஹங்கேரியைச் சேர்ந்த ரயில் ஓட்டுநர் ஒருவரின் வழக்கில், வார ஓய்வு எவ்வளவு தாராளமாக இருந்தாலும் அது அன்றாட ஓய்வை விழுங்கிவிடக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. மருத்துவமனை போன்ற இடங்களுக்கு அந்த உத்தரவிலேயே விலக்கு உண்டு என்றாலும், இழந்த ஓய்வுக்கு ஈடான ஓய்வு அந்த வேலை முடிந்த உடனேயே தரப்பட வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2003-இல் கூறியிருந்தது. இது மிகச் சரியானது. அடுத்த மாதம் கிடைக்கும் விடுப்பு இன்றைய களைப்பைப் போக்காது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1990-ஆம் ஆண்டு இரவுப்பணிப் பரிந்துரையும் இயன்றவரை 11 மணிநேரம் என்றே சொல்கிறது. ஜப்பானில் 2019 முதல் இத்தகைய இடைவெளியை அளிக்க முயல்வது முதலாளிகளின் கடமையாக உள்ளது; அளித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக இதைத் தொடுவதே இல்லை. ஆனால் நியூயார்க் நகரில், முந்தைய நாள் ஷிஃப்டை முடித்த துரித உணவகத் தொழிலாளரை 11 மணிநேரத்துக்குள் மீண்டும் அழைத்து வேலை செய்ய வைப்பதானால், அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதலும் 100 டாலர் கூடுதல் தொகையும் தேவை. தொகை நல்ல தடைதான். ஒப்புதலை நான் அவ்வளவாக நம்பவில்லை. அடுத்த வார ஷிஃப்டைத் தீர்மானிப்பவர் முன்னால் கையெழுத்திட மறுப்பது எளிதன்று.

ஆகவே, ஓய்வு நேரத்தை அட்டவணையில் எழுதிய நேரத்திலிருந்து எண்ணாமல், தொழிலாளர் உண்மையில் வேலையை விட்ட நேரத்திலிருந்து எண்ண வேண்டும். ஓவர்டைம் இரண்டு மணிநேரம் நீண்டால், அதனால் ஓய்வு வரம்புக்குக் கீழே குறையும்போது, அடுத்த ஷிஃப்டின் தொடக்கத்தைத் தள்ளிவைப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. அதைக் கேட்டுப் பெறும் சுமையைக் களைத்துப்போனவர் மேல் ஏற்றக் கூடாது.